கடற்கரையில் எங்கே உண்பது என்று கேட்கும் ஆய்வாளர் நண்பர்களுக்கு

விடுமுறை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் செய்திகள் பெரும்பாலும் ஒன்றையே கேட்கின்றன: "கோவளம், பூவாறு பக்கம் குடும்பத்தோடு வருகிறோம். நீங்கள் அந்த ஊர்க்காரர்தானே, எங்கே சாப்பிடலாம்?" கேட்பவர்கள் பேராசிரியர்கள், சக ஆய்வாளர்கள், கருத்தரங்குகளில் அறிமுகமான மாணவர்கள். என் ஊர் திருப்புறம். நெய்யாற்றின்கரையிலிருந்து பூவாற்றுக்குப் போகும் வழியில் உள்ளது. ஆகவே என்னிடம் கேட்பது நியாயமே. இதுவரை இரண்டு மூன்று விடுதிகளின் பெயரைச் சொல்லித் தப்பித்து வந்தேன். அவ்விடுதிகளில் நான் ஒருநாளும் உண்டதில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இவ்வாண்டு உண்மையான விடையைச் சொல்லிவிடலாம் என்று எண்ணுகிறேன். சற்று நீளும், பொறுத்தருள்க.

முதலில் கேள்வியையே மறுக்க வேண்டியிருக்கிறது. கடற்கரையில் எங்கே உண்பது என்று கேட்பவர்களுக்குச் சுற்றுலாக் கையேடுகள் தரும் விடை எல்லாம் எங்கே அமர்வது என்பதற்கான விடையே. கடல் தெரியும் மாடி, கழிமுகத்தில் மிதக்கும் உணவுக்கூடம், மணலில் விரித்த மேசை, மெழுகுவத்தி, சூரியன் மறையும் நேரம். இவ்வருணனைகளில் மீன் எங்கே வருகிறது? 'அன்று பிடித்த மீன்' என்ற ஒற்றைத் தொடரோடு அது முடிந்துவிடும். என்ன மீன், எந்தக் கரை, எவர் வலை, எத்தனை மணிக்கு ஏறியது என்று எவரும் சொல்வதில்லை.

நேரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் கரையில் கரமடி இழுப்பது காலையில். இரவு முழுதும் தூண்டில் போட்டவர்கள் விடியலில் கரை சேர்கிறார்கள். மாலையில் மீன் கொண்டுவரும் படகுகளும் விழிஞத்தில் உண்டு. எனினும் கடற்கரை ஊரின் அடுப்பு காலைக்கும் நண்பகலுக்கும் கணக்கிட்டே எரிகிறது. மீன்காரி சருவத்தைத் தலையிலிருந்து இறக்கும்போது மணி ஒன்பதோ பத்தோ ஆகியிருக்கும். பதினொன்றரைக்குக் குழம்பு கொதிக்கும். பயணியோ இரவு எட்டு மணிக்கு உணவகத்தின் முன் பனிக்கட்டியில் அடுக்கிய மீனை விரலால் சுட்டி, எடை போட்டு வாங்குகிறார். செதிலும் குடலும் எடையில் அடக்கம். காலையில் அதே கரையில் வலை இழுத்தவர்களைப் படம் எடுத்தவரும் அவர்தான். படத்தில் இருந்த மீனுக்கும் தட்டில் விழுந்த மீனுக்கும் உறவு உண்டா என்று அவர் கேட்பதில்லை.

கோவளம் எப்போதும் இப்படி இருந்ததன்று. 1930களில் அரச குடும்பத்தார் குன்றின்மேல் மாளிகை கட்டினர். 1969க்கும் 1974க்கும் இடையில் சார்லஸ் கொரியாவின் வடிவமைப்பில் அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் சரிவில் பெரிய விடுதியை எழுப்பியது. 2002இல் அது தனியாரிடம் போயிற்று. கட்டடக்கலை மாணவர்கள் அச்சரிவையும் மொட்டைமாடிகளையும் இன்றும் வரைந்து படிக்கிறார்கள். அக்கட்டடம் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அதன் பின்னர் கடற்கரை என்பது மேலிருந்து பார்க்கும் பொருளாயிற்று. உணவும் அப்பார்வையின் பின்னால் போயிற்று.

இனி நம் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இக்கரையில் ஒரு விடுதியில் மூன்று நாள் கருத்தரங்கு நடந்தது. பொருள் கடல்சார் மக்களின் பண்பாடு. எனக்கு இரண்டாம் நாள் அமர்வு. நெய்தல் நில உணவு குறித்த கட்டுரை. வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போனேன். வாசற்காவலர் என் பையையும் செருப்பையும் பார்த்துவிட்டு, பணியாளர் வாசல் பின்புறம் என்று பணிவோடு வழிகாட்டினார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து அவ்விடத்துக்கு வருவோர் அவ்வாசல் வழியாகத்தான் போகிறார்கள். அவர் தம் அனுபவத்தில் கண்டதையே சொன்னார்.

நண்பகல் பந்தியில் 'பாரம்பரியக் கேரள உணவு' என்று அட்டை வைத்திருந்தார்கள். கரிமீன் பொள்ளித்தது, மீன் மொயிலி, அப்பம். கரிமீன் கேரள அரசு 2010இல் மாநில மீனாக அறிவித்த பெருமைக்குரியது. ஆனால் அது காயல் மீன். இருபதடி தொலைவில் கடல் இரைந்துகொண்டிருக்க, கடல்சார் பண்பாட்டைப் பேச வந்தவர்களுக்குக் குட்டநாட்டுக் காயலின் மீன் பரிமாறப்பட்டது. இன்னொரு ஏனத்தில் முள் நீக்கிய வெள்ளைத் துண்டுகள் இருந்தன. பரிமாறிய இளைஞரிடம் என்ன மீன் என்று கேட்டேன். அவர் அசாமிலிருந்து வந்தவர். "பாசா, சார்" என்றார். குளத்தில் வளர்க்கும் பாசா. ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, இரண்டாம் முறை வாங்கியும் உண்டேன். பிற்பகல் அமர்வில் 'விளிம்புநிலை உணவுமுறைகளின் அழிப்பு' என்ற கட்டுரைக்கு நல்ல கைதட்டல்.

நான் சினங்கொள்வது விடுதிமேல் அன்று. விடுதி விற்பதை விற்கிறது. அழிப்பைப் பற்றி எழுதும் நாம் அழிப்பின் வாடிக்கையாளராக இருக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு. மானியம் தரும் நிறுவனத்துக்கு அனுப்பும் செலவுக் கணக்கில் 'உணவு' என்ற ஒற்றை வரியில் அது அடங்கிவிடுகிறது.

அப்பந்தியில் இல்லாதவை எவை? தேங்காய் அரைத்து, வாளன்புளி கரைத்து, காலம் வந்தால் மாங்காயோ முருங்கைக்காயோ இட்ட எங்கள் தென்திருவிதாங்கூர் மீன்குழம்பு. நெத்தோலி அவியல். சாளையைப் பச்சைமிளகு அரைத்துப் பொரித்தது. கஞ்சியும் பயறும். எலுமிச்சைச் சாற்றை எங்கள் பக்கத்தில் போஞ்சி என்போம். எந்த விடுதிப் பட்டியலிலும் அச்சொல்லை நான் பார்த்ததில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நேசமணியின் இயக்கம் கேட்டும் நெய்யாற்றின்கரை இப்பக்கமே நின்றுவிட்டது. அந்தக் கோடு அடுக்களைக்குள் வரவில்லை. கொல்லங்கோட்டிலும் பொழியூரிலும் அம்மியில் அரைபடுவது ஒரே கூட்டு. சுற்றுலா விற்கும் 'கேரள உணவு' கோட்டயத்துக் குடம்புளியையும் ஆலப்புழைக் காயலையும் மாநிலம் முழுவதற்கும் பொதுவாக்கிவிட்டது. தமிழ்நாட்டுச் சுற்றுலாவுக்கோ நாங்கள் எல்லைக்கு அப்பாற்பட்டவர்கள். இரண்டு பட்டியல்களிலும் எங்கள் குழம்புக்கு இடமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், நானே எழுப்பிவிடுகிறேன். வறுமையின் உணவை நீ போற்றிப் பாடுகிறாய் என்பார்கள். மரச்சீனியை எடுத்துக்கொள்வோம். 1880களின் தொடக்கத்தில் விசாகம் திருநாள் மன்னர் திருவிதாங்கூரில் அதன் பயிரைப் பரப்பினார். 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது இந்நாடு உயிர் தரித்தது அக்கிழங்கால். அக்காலத்தில் சிறுமியாக இருந்த என் பாட்டி பிற்காலத்தில் மரச்சீனியைத் தொடமாட்டார். பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுப்பார். தாம் சோறே உண்பார். அவருக்கு அது பசியின் சுவை. ஆகவே மண்சட்டியில் மரச்சீனியும் மீன்குழம்பும் வைத்து அதற்கு நினைவேக்கப் பெயரிட்டு விற்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கூச்சத்துக்குத் தீர்வு அதை உண்ணாமல் விடுவதன்று. உயிர்வாழ அதை உண்டவர்களின் பேத்திகள் இன்று காலையில் அவித்து விற்கும் தட்டுக்கடை இருக்கும்போது, அதே கிழங்கைப் பலமடங்கு விலைக்கு விடுதியில் உண்பதுதான் வறுமையைக் காட்சிப் பொருளாக்குவது.

அருந்துவதைப் பற்றியும் கேட்கிறீர்கள். இதில் சட்டமே ஒரு நகைச்சுவை. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவது குற்றம். 2003 முதல் மதுவை அரசு நிறுவனமே கடை வைத்து விற்கிறது. களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்கு வந்தால் கள் உரிமம் பெற்ற பண்டம். பனைக்கு வேலி தெரியாது. ஏறுபவருக்கு மட்டும் தெரிந்தாக வேண்டும். 2023ஆம் ஆண்டுக் கேரள மதுக்கொள்கை இன்னொரு படி மேலே போயிற்று: மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள விடுதிகள் தம் வளாகத்து மரங்களில் கள் இறக்கி விருந்தினருக்கு வழங்கலாம் என்று அறிவித்தது. ஏறும் தொழிலுக்காகத் தலைமுறை தலைமுறையாக இழிவு சுமந்தவர்களின் பானம், நட்சத்திரம் மூன்றானதும் 'இயற்கைப் பானம்' ஆகிவிட்டது.

கள்ளுக்கடையைப் போற்றுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். எங்கள் தெருவில் அக்கடையைச் சபிக்காத பெண்கள் குறைவு. அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. குடிக்காதவர்க்கு அக்கானி இருக்கிறது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்குவது. வெயில் ஏறுமுன் குடித்துவிட வேண்டும். அதுவும் எல்லாக் காலத்திலும் கிடைக்காது, எல்லா ஊரிலும் கிடைக்காது, ஏறுபவர் அருகிவிட்டார். கிடைக்கும் நாளில் வாங்குங்கள். சாலையோரத்தில் நின்று குடியுங்கள்.

கோவாவில் நடந்ததை நினைவூட்டுகிறேன். அங்கே கடற்கரைக் குடில் உணவகங்களில் பீட்சாவும் பாஸ்தாவும் பெருகி, ஊர்ச் சோறு மறைந்துவர, 2023இல் அம்மாநில அரசு மீன்குழம்புச் சோற்றைப் பட்டியலில் கட்டாயம் வைக்க வேண்டும் என்று கொள்கையிலேயே விதிக்க நேர்ந்தது. மீன்குழம்புச் சோற்றால் வளர்ந்த ஒரு நாட்டில் அதற்கு அரசாணை தேவைப்பட்டிருக்கிறது! நம் பக்கம் அந்நிலை வர வெகுநாள் ஆகாது.

விழிஞத்துச் சிப்பியின் கதை அதைவிடக் கொடிது. பாறையடியில் மூழ்கிச் சிப்பி எடுப்பது இக்கரையின் பழைய தொழில். தேங்காய்த் துருவலோடு வதக்கிய சிப்பியைத் தேடி வருவோர் பலர். 2015 டிசம்பரில் துறைமுகப் பணி தொடங்கியபின் பாறைகளை இழந்தோம் என்று சிப்பி எடுப்போர் இழப்பீடு கேட்டு நின்றனர். 2022 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை கடலரிப்பையும் வாழ்விடத்தையும் முன்வைத்து மீனவர் போராடினர். 2025 மே 2 அன்று துறைமுகம் திறக்கப்பட்டது. அப்போராட்ட நாள்களில் கோவளத்தில் தங்கியிருந்தவர்களில் எத்தனை பேர் தம் தட்டிலிருந்த சிப்பியையும் சாலையில் அமர்ந்திருந்தவர்களையும் ஒரே நினைப்பில் சேர்த்தனர்? துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை இங்கே நான் நடத்தவில்லை. உண்பவர் அவ்வழக்கில் ஒரு தரப்பினர் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சரி, எங்கேதான் உண்பது? பெயர்ப்பட்டியல் தரமாட்டேன், தந்தால் அடுத்த ஆண்டே அக்கடையில் மெழுகுவத்தி ஏற்றிவிடுவார்கள். வழிமட்டும் சொல்கிறேன். நாளின் பெரிய உணவை நண்பகலுக்கு மாற்றுங்கள். துறைமுகத்துக்கும் சந்தைக்கும் போகும் சாலையில், கூலித்தொழிலாளரும் ஆட்டோ ஓட்டுநரும் கைகழுவ வரிசையில் நிற்கும் கடையில் நுழையுங்கள். பட்டியலைக் கேட்காதீர்கள், இன்று என்ன ஏறியது என்று கேளுங்கள். சாளை என்றால் சாளையை உண்ணுங்கள். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை கேரளத்தில் விசைப்படகுகளின் இழுவலைக்குத் தடை. அந்நாள்களில் நெய்மீன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு வேறு கடலிலிருந்தோ குளிர்கிடங்கிலிருந்தோ அது வந்து சேரும். மழைக்காலத்தில் விழிஞத்தின் அணைப்பில் ஒதுங்கும் சிறுபடகுகள் கொண்டுவருவதே அக்காலத்தின் உணவு.

தூய்மை என்ற சொல்லை இவ்விடத்தில் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கண்முன் கொதிக்கும் குழம்பைவிட, எங்கோ உறைந்து எங்கோ உருகிய மீன் தூயது என்று எந்த ஆய்வுமுறையால் கண்டீர்கள்? குழந்தைகளின் வயிற்றைக் குறித்த அச்சம் எனக்கும் உண்டு. அதற்குக் கொதித்த தண்ணீர் கேளுங்கள். கேரளத்துச் சிறுகடைகளில் சீரகமோ பதிமுகமோ இட்டுக் காய்ச்சிய தண்ணீர் கேளாமலே வரும்.

கருத்தரங்கு நடத்துவோர்க்குத் தனியாக ஒரு வேண்டுகோள். மீனவப் பெண்கள் குழுவாக நடத்தும் தீரமைத்ரி உணவகங்கள் இம்மாநிலத்தில் உள்ளன; 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் சமையற்குழுக்கள் ஊர்தோறும் உள்ளன. நூறு பேருக்குச் சமைப்பது அவர்களுக்குப் புதிதன்று. பற்றுச்சீட்டும் தருவார்கள், தணிக்கைக்கு அஞ்ச வேண்டாம். அமர்வுகளை விடுதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குளிரூட்டிக்கு நானும் எதிரியல்லன். பந்தியை மட்டும் அவர்களிடம் கொடுங்கள். அட்டையில் உணவின் பெயரை, சமைத்தவர் சொல்லும் சொல்லில் எழுதுங்கள்.

வரும் மாதக் கருத்தரங்கு ஒன்றின் பதிவுப் படிவம் நேற்று வந்தது. இடம் இக்கரையில்தான் ஒரு விடுதி. 'உணவு: சைவம் / அசைவம்' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் 'அன்று கரையேறிய மீன். இல்லையெனில் கஞ்சியும் பயறும்' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். இதுவரை மறுமொழி இல்லை.