ஸ்டூல் போட்டாச்சு... உட்காரலாமா சார்?

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வழியில் எட்டு லிங்கம். ஒவ்வொன்றிலும் ஒரு கும்பிடு, பக்கத்திலேயே கொஞ்சம் உட்கார்ந்து ஒரு சுக்குக் காப்பி! மறுநாள் ஆபீஸில், "கால் விட்டுப்போச்சு சார்" என்று பெருமை வேறு.

அதே ஊர்க் கடைவீதியில் ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. காலையில் நிற்க ஆரம்பித்தால், ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டியதுதான்.

நடந்தாலாவது கெண்டைக்கால் சதை அடிபம்பு மாதிரி ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் பம்பு ஸ்டிரைக்! ரத்தம் காலிலேயே தேங்கும். வருஷக்கணக்கில் இப்படியே நின்றால் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டுகொள்ளும் ஆபத்து உண்டு. 'வெரிகோஸ்' என்பார் டாக்டர்.

தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. கடைக்கு? கோழிக்கோட்டில் தையல் வேலை பார்த்த விஜி என்கிற பெண், கடைப் பெண்களைத் திரட்டிப் போராடினார். 2018-ல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் நம் சட்டசபையும் நிறைவேற்றியது. ஒரு ஸ்டூல், ஃபாக்டரியிலிருந்து கடைவீதிக்கு வந்து சேர 73 வருஷம்!

சரி, ஸ்டூல் வந்தாச்சு. உட்காரலாமா? இங்கேதான் சூப்பர்வைசர் பிரவேசம்.

"என்னம்மா, உட்கார்ந்துட்டே?"

"கஸ்டமர் யாரும் இல்லீங்களே சார்."

"வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

'இந்தப் பொண்ணுக்கும் கால் இருக்கு' என்று நினைப்பார்கள். வேறென்ன?

வேடிக்கை என்னவென்றால், அதட்டுகிற அந்த சூப்பர்வைசரும் காலையிலிருந்து நின்றுகொண்டுதான் இருக்கிறார். கல்லாவில் முதலாளி மட்டும் குஷன் சீட்டில்! சட்டமோ 'ஊழியர்கள் எல்லோருக்கும்' என்கிறது. அதாவது, சூப்பர்வைசர் காலுக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே சூப்பர்வைசர் சார், அந்தப் பெண்ணையே கூப்பிட்டுக் கேளுங்கள். ஸ்டூலை எங்கே போட்டால் வியாபாரத்துக்கு இடைஞ்சல் இருக்காது, எந்த நேரம் கூட்டம் குறையும், யார் எப்போது மாற்றி உட்காருவது... எல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டு பேரும் பேசி ஒரு முறை போட்டுக்கொண்டு, முதலாளியிடம் சேர்ந்தே போய்ச் சொல்லுங்கள். ஒருத்தர் கேட்டால்தான் அது 'சோம்பேறித்தனம்'. சேர்ந்து கேட்டால் 'ஏற்பாடு'.

வாசகரே, உமக்கும் ஒரு வேலை. கார்த்திகை தீபத்துக்கு வேட்டி எடுக்கப் போகும்போது, உம்மைப் பார்த்ததும் அந்தப் பெண் பதறி எழுந்தால், "உட்காரும்மா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லும். கொஞ்சம் சத்தமாகவே சொல்லும்... கல்லாவுக்கும் கேட்கட்டும்!