கூடி வைத்த விலை!



சென்ற மாதச் சம்பளத்துக்கு மறுநாள் எங்கள் தோட்டத்துக்கு அருகிலுள்ள சிறுபட்டணத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஒரே தெருவில் நான்கு மதுக்கடைகள். நான்கிலும் ஒரே நாளில், ஒரே அளவாகப் பீர் போத்தலின் விலை ஏறியது. காரணம் கேட்ட பால்வெட்டுத் தோழருக்குக் கடைக்காரர் தந்த பதில் இது: "கடைக்காரர்கள் கூடி முடிவு செய்தோம். நீங்கள் சங்கம் கூடிச் சம்பளம் கேட்கவில்லையா? நாங்கள் கூடி விலை வைத்தால் மட்டும் குற்றமா?"

தோழர் வாயடைத்துத் திரும்பினார். அவருக்காக நான் பதில் சொல்கிறேன்.

ஆம், குற்றமே! நம் சங்கம் கூலி பேசும்போது எதிரே முதலாளி உட்கார்ந்திருக்கிறார். அவர் மறுக்கலாம், வாதாடலாம். இரு தரப்பும் ஒப்பிய பிறகே கையெழுத்து. விலை பேசிய கடைக்காரர்கள் வாங்குகிறவனுக்கு ஒரு நாற்காலி போட்டார்களா? அவன் இல்லாத இடத்தில் அவன் பையில் கைவைத்தார்கள்! சட்டமும் இந்த வேற்றுமையை அறிந்திருக்கிறது. 2012 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், வணிகர்கள் தமக்குள் கூடி விலை வைப்பதைத் தடுக்கிறது. அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, தொழிலாளரும் முதலாளியும் நடத்தும் கூட்டுப் பேரத்துக்கு விலக்கு அளிக்கிறது.

"குடிக்காக வழக்காடுகிறாரே கிராணியார்!" என்று சிலர் நகைக்கலாம். குடியை நான் ஆதரிக்கவில்லை. இன்று பீருக்கு வாய் மூடியிருந்தால், நாளை அரிசிக்கும் வாய் மூடத்தான் வேண்டும்.

அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே மதுக்கடைக்காரர் சங்கங்கள் இரண்டு, விலை விஷயத்தில் உறுப்பினர்களுக்கு யோசனை சொல்ல மாட்டோம் என்று உயர் நீதிமன்றத்தில் வாக்குக் கொடுத்திருந்தன. 2008 டிசம்பரில், "ஓராண்டுக்கு விலையை ஏற்றாதிருப்போம்" என்று இரண்டும் அறிவித்தன. அடடா, எவ்வளவு தாராள மனம்! ஆனால் அந்நாட்டுப் போட்டி ஆணையம் மயங்கவில்லை, நீதிமன்றத்துக்குப் போனது. கொடுத்த வாக்கு மீறப்பட்டது என்று 2009 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்ற மாட்டோம் என்று கூடிச் சொல்வதில், இறக்கவும் வேண்டாம் என்ற சேதி ஒளிந்திருக்கிறது அல்லவா? காவல் என்றால் அப்படி இருக்க வேண்டும்!

நம் நாட்டிலும் காவல் உண்டு. 2014 ஜனவரி 1 முதல் குழாய் ஐஸ் மூட்டைக்கு 50 காசு, கட்டி ஐஸுக்கு 2 வெள்ளி 50 காசு ஏற்றுவதென்று ஐஸ் ஆலைக்காரர்கள் கூடி முடிவு செய்தார்கள். மதுக்கடைக் கோப்பையிலும் நம் பிள்ளைகளின் சிராப் தண்ணீரிலும் மிதப்பது அதே ஐஸ்தான். மலேசியப் போட்டி ஆணையம் விசாரித்து, 2015இல் 24 ஆலைகளுக்கு மொத்தம் 252,250 வெள்ளி அபராதம் விதித்தது.

பாராட்டுவோம். ஆனால் கிராணி வேலை பார்ப்பவன் கணக்குப் போடாமல் இருப்பானா? சராசரியாக ஆலைக்கு 10,510 வெள்ளி. மூட்டைக்கு 50 காசு கூடுதலாக வைத்து 21,020 மூட்டை குழாய் ஐஸ் விற்றால் அந்தப் பணம் திரும்பிவிடும்! குற்றம் நடந்த காலத்து விற்றுவரவில் நூற்றுக்குப் பத்து வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த அதிகாரத்தை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள் என்பதே நம் கோரிக்கை. அபராதம் லாபத்தைவிடச் சிறியதானால் அது தண்டனை அன்று, வியாபாரச் செலவு!

நாமும் நியாயம் தவறக்கூடாது. நான்கு கடைகளில் ஒரே விலை இருப்பது மட்டும் குற்றத்துக்குச் சான்று ஆகாது. வரி ஏறினால் எல்லோரும் ஏற்றத்தான் செய்வார்கள். கூடிப் பேசி ஏற்றினார்கள் என்பதற்குச் சான்று வேண்டும். சுவரில் ஒட்டிய அறிவிப்பு, தேதியிட்ட ரசீது, "கூடி முடிவு செய்தோம்" என்று வாயால் சொன்ன சொல், சொன்ன நாள், கேட்ட சாட்சி இவையே சான்று.

பால்வெட்டும் தோழர்களே, ரசீதைக் கசக்கி எறியாதீர்கள். கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். கிராணித் தோழர்களே, அதை மனுவாக எழுதி ஆணையத்துக்கு அனுப்புங்கள். இருட்டில் எழுந்து காட்டுக்குப் போய்ச் சம்பாதித்த காசு அது. அதற்கு விலை பேச நான்கு பேர் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், அந்தக் கதவைத் தட்டுவது நம் உரிமை. தட்டுவோம்!