அஸ்திவாரத்திற்கும் ஓர் அஸ்திவாரம்

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது மாமா கேட்டார்: "தன்பாத்தில் வீடு கட்டினால் பூமி விழுங்கிவிடுமாமே, மெய்தானா? நம் சிநேகிதர் மகன் அங்கே மனை வாங்கப் போகிறானாம்." சிரித்து மழுப்பிவிட்டேன். ரயிலேறிய பின்புதான் நெஞ்சு உறுத்தியது. சுரங்கவியல் படிப்பவன் மழுப்பக்கூடிய கேள்வியா அது?

ராணிகஞ்சில் 1774ல் நிலக்கரி தோண்டத் தொடங்கினார்கள். அடுத்த நூற்றாண்டில் அது ஜரியாவுக்கும் பரவியது. கரியை வெட்டிய இடம் பாதையாயிற்று. வெட்டாமல் விட்டது கூரை தாங்கும் தூணாயிற்று. பின்னர் ஆசை மிகுந்து தூண்களையும் செதுக்கினார்கள். ஆழத்தில் கூரை சரிந்தால் கேடு குறைவு. உடைந்த பாறை முன்னிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் சரிவு பாதி வழியில் நின்றுவிடும். மேற்பாறை மெல்லியதாயின் அது படிப்படியாக ஏறி ஒருநாள் நம் முற்றத்தில் வாய் திறக்கும்.

வெட்டிய இடத்தை ஆற்று மணலால் நிரப்ப உதவுவதற்கென்றே 1939ல் நிலக்கரிமீது தீர்வை விதித்துச் சட்டம் செய்தார்கள். ஆயினும் நிரப்பாமல் விட்டவை ஏராளம். இன்றோ மணலுக்கு வீடு கட்டுவோரே போட்டி!

மக்களை இடம் மாற்றுவதே வழி என்பார் உளர். 1916 முதல் எரியும் ஜரியாத் தீயின் மேல் யாரும் வசிக்கலாகாது என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் தீயில்லாத வெற்றுச் சுரங்கத்தின் மேல் வழியுண்டு. வரிசையாகத் துளையிட்டு, முதலில் மனையின் எல்லையைச் சுற்றிக் கெட்டியான கலவையால் கீழே அணை போடவேண்டும். பிறகு உள்ளே சாம்பலும் சிமெண்டும் கலந்த குழம்பைச் செலுத்தவேண்டும். அணையில்லாவிட்டால் குழம்பு பக்கத்துச் சுரங்கத்துக்கு ஓடிவிடும், பணமும் கூடவே. இறுகியபின் மறுபடி துளையிட்டுப் பார்ப்பது அவசியம். சிக்கனம் பேசுவோர் முதலில் கைவைப்பது இதில்தான். சாம்பலுக்குப் பஞ்சமா? அனல் மின் நிலையங்களில் மலைமலையாகக் கிடக்கிறதே!

செலவு யார் தலையில்? கரியை எடுத்தவர் தலையில் என்பேன். பழைய முதலாளிகளை இனித் தேடிப் பயனில்லை. 1972, 1973ஆம் ஆண்டுகளில் பெரும்பாலான சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. உடைமையோடு கடனும் சேர்ந்தே வந்தது. ஒரு கூடம் கட்டக் காசு சேர்க்கும் தொழிலாளியிடம் பூமியையும் நீயே நிரப்பு என்பது அறமாகாது.

மாமாவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன்: "பழைய வரைபடத்தை நம்பவேண்டாம். பத்திரத்தோடு துளையிட்டுப் பார்த்த அறிக்கையையும் கேட்கச் சொல்லுங்கள். தரமறுத்தால் வாடகை வீடே மேல்."