ஃப்ரெஞ்சு பிரஸ் என்ன பாவம் செஞ்சுது?

போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு ஒரு நண்பர் வந்தார். நம்மளை மாதிரியே பொட்டி தட்டுறவர்தான். சமையல் மேடையில இருந்த ஃப்ரெஞ்சு பிரஸ்ஸைப் பார்த்துட்டு ஒரு டயலாக் விட்டார்: "கும்பகோணம் டிகிரி காபி குடிச்ச வாய்க்கு இதெல்லாம் கழனித்தண்ணி பாஸ். நானும் ஒண்ணு வாங்கி, ரெண்டே நாள்ல பரண்ல போட்டுட்டேன்."

என்ன தூள் போட்டீங்கன்னு கேட்டேன்.

"வீட்டுல ஃபில்டருக்கு வாங்குற தூள்தான். பால் ஊத்தி, சக்கரை போட்டு..."

அடப்பாவி மக்கா! சாம்பார் பொடியை ரசத்துல கொட்டிட்டு, ஈயச்சொம்பு சரியில்லைன்னு சொன்னா எப்படி?

இதே புலம்பலை இதுவரைக்கும் பத்து பேர்கிட்டயாவது கேட்டிருப்பேன். அதான் இன்னைக்கு ஆணியை எல்லாம் ஓரமா வெச்சுட்டு உக்காந்துட்டேன். என் கட்சி இதுதான்: குத்தம் கருவி மேல இல்லை, தூள் மேல. அந்தத் தூளைக் கேள்வி கேக்காம இருக்கறதுக்கு நாம வெச்சிருக்கற சாக்குதான் ஃபில்டர் காபிப் பெருமை.

நம்ம ஊர்க் கடையில காபித்தூள் கேட்டா, அடுத்த கேள்வி "சிக்கரி எவ்வளவு?" தான். எழுபது முப்பதுன்னு சொல்லி வாங்கிட்டு வந்துடுவோம். உணவுப் பாதுகாப்பு விதிப்படி காபி சிக்கரி கலவையில காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அதாவது 49 வரைக்கும் சிக்கரியைப் போட்டு, பாக்கெட்டுல அச்சடிச்சுட்டா சட்டப்படி சரி. சிக்கரி ஒரு செடியோட வேர். வறுத்துப் பொடிச்சா நிறம், கெட்டி, கசப்பு எல்லாம் குடுக்கும். காஃபீன் கிடையாது. காபியை விட அதிகமா தண்ணியில கரையும். பால்ல நிறம் நிக்கணும்னா அது நல்ல கூட்டாளி. நான் அதைத் தப்புன்னே சொல்லலை. ஆனா அதைக் குடிச்சுட்டு "எனக்குக் காபி தெரியும்"னு மீசை முறுக்காதீங்க.

ஃபில்டர்ல நிறையத் தூள், கொஞ்சம் தண்ணி. சொட்டுச்சொட்டா இறங்கற டிகாக்ஷன் அரை டம்ளர் பாலைத் தாங்கும். பிரஸ்ல தூள் முழுக்கத் தண்ணிக்குள்ளயே ஊறுது. வர்றது டிகாக்ஷன் இல்லை, அப்படியே குடிக்க வேண்டிய காபி. அதுல அரை டம்ளர் பால் ஊத்தினா கழனித்தண்ணிதான். சிக்கரித் தூள் போட்டா தாரு. நைஸ் தூள் போட்டா வலை அடைச்சுக்கும். குமிழைப் பலங்கொண்டு அமுக்கினா வெந்நீர் பீச்சியடிக்கும். (விழுப்புண் என் வலது மணிக்கட்டுல இருக்கு.)

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பந்தா"ன்னு ஒரு கோஷ்டி. ஐயா, பேர்தான் ஃப்ரெஞ்சு. 1929ல இதுக்குக் காப்புரிமை வாங்கின அத்திலியோ காலிமானி இத்தாலிக்காரர். 1806ல நெப்போலியன் பிரிட்டிஷ் வணிகத்துக்குத் தடை போட்டு காபி வரத்து சுருங்கினப்ப, சிக்கரியைப் பெரிய அளவுல பிடிச்சுக்கிட்டவங்கதான் ஃப்ரெஞ்சுக்காரங்க. இப்பச் சொல்லுங்க, யாரு காபி வெள்ளைக்காரன் காபி?

நிற்க. வாங்கறவங்களுக்கு நாலு வார்த்தை.

பெட்டியில "8 கப்"னு போட்டிருந்தா மயங்காதீங்க. அந்தக் கப் நம்ம கப் இல்லை, 120 மில்லி சொச்சம். 8 கப்னா 1 லிட்டர். ஒண்ணு ரெண்டு பேருக்கு 350 மில்லி போதும், அதைத்தான் 3 கப்னு விப்பாங்க. கண்ணாடின்னா போரோசிலிகேட்டான்னு பாருங்க, உதிரிக் கண்ணாடி தனியா கிடைக்குமான்னு கேளுங்க. சிங்க்ல இடிச்சு உடையறது அதோட தலையெழுத்து. பயமா இருந்தா எவர்சில்வர் வாங்குங்க. வலைத்தட்டைக் கழட்டிக் கழுவ முடியணும், இல்லைன்னா பழைய எண்ணெய் தங்கி நாத்தமடிக்கும். மிக்ஸியில அரைச்சா பாதி மாவு, பாதி குருணைன்னு வரும். அதுக்கு, வறுக்கிற கடையிலயே "சிக்கரி வேணாம், கொரகொரன்னு ரவை மாதிரி"ன்னு கேட்டு அரைச்சு வாங்கலாம்.

350 மில்லி தண்ணிக்கு 20 கிராம் தூள். கொதிச்ச தண்ணியை அரை நிமிஷம் ஆறவிட்டு ஊத்தி, 4 நிமிஷம் தொடாதீங்க. அப்புறம் மேல கட்டின ஏட்டைக் கரண்டியால கலக்கி, மிதக்கற நுரையை வழிச்சுடுங்க. இன்னும் 5 நிமிஷம் விட்டா மண்டி தானா அடியில படியும். தட்டை அடிவரைக்கும் அமுக்காம, மேலாப்புல நிறுத்தி ஊத்துங்க. 2007ல உலக பாரிஸ்டா சாம்பியன் ஆன ஜேம்ஸ் ஹாஃப்மன் பரப்பின முறை இது. பிரஸ்ஸுன்னு பேர் வெச்சுட்டு அமுக்கவே வேணாம்ங்கறார், ஹி ஹி.

இது வெறும் நாக்கு விஷயம்னா நான் இவ்வளவு கத்த மாட்டேன். எங்க பெரியப்பாவுக்குத் தாண்டிக்குடி பக்கம் மூணு ஏக்கர். மிளகு, மலைவாழைக்கு நடுவுல அரபிகா. இந்தியாவுல காபி போடறவங்கள்ல மிகப் பெரும்பாலானவங்க இவரை மாதிரி 10 ஹெக்டேருக்குள்ள வெச்சிருக்கற ஆளுங்கதான். விளையறதுல பெரும்பகுதி கப்பல் ஏறிடுது. நாப்பது வருஷமா காபி விளைவிக்கிற மனுஷன் வீட்டுல குடிக்கிறது, வத்தலக்குண்டுல வாங்கின சிக்கரித் தூள்.

போன வருஷம் அவர்கிட்ட தோல் நீக்கின பச்சைக்கொட்டை 2 கிலோ வாங்கிட்டு வந்து சென்னையில வறுக்கக் குடுத்தேன். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப தூளையும் பிரஸ்ஸையும் தூக்கிட்டுப் போய், பால் சக்கரை இல்லாம ஊத்திக் குடுத்தேன். மூஞ்சியைச் சுளிச்சார்.

"என்னப்பா, வெறுந்தண்ணியா இருக்கு?"

"கொஞ்சம் ஆறட்டும் பெரியப்பா."

ஆறினதும் இன்னொரு வாய். "லேசா ஆரஞ்சுப் புளிப்பு அடிக்குதே. இது நம்ம கொட்டையா?" கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துட்டு இருந்தார். "பழுத்ததா மட்டும் பொறுக்கினா இன்னும் நல்லா வரும்ல? ஆனா அந்த ஆள்கூலியை யாரு குடுப்பா?"

எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. யாரு குடுப்பா? குடிக்கிறவன் கேட்டாத்தான் குடுப்பாங்க. செங்காயும் பழமும் கலந்து பறிச்சாலும் யாருக்கும் தெரியப்போறதில்லை, ஏன்னா சிக்கரியும் பாலும் சக்கரையும் சேர்ந்துட்டா ரெண்டும் நம்ம நாக்குக்கு ஒண்ணுதான். அந்த வித்தியாசத்தை ஒளிக்காம காட்டுற சல்லிசான கருவி நம்ம பரண்ல தூங்குது.

ஃபில்டரைத் தூக்கிப் போடச் சொல்லலை. சாயங்காலம் ஆனா எனக்கும் டபரா செட்டுல நுரை ததும்ப வேணும். வாரத்துல ஒரு நாள் மட்டும் பிரஸ்ஸை இறக்குங்க. தூள் வாங்கறப்ப "எந்த மலைக் கொட்டை?"ன்னு கடைக்காரரைக் கேளுங்க. முழிப்பார். முழிக்கட்டும். பத்து பேர் கேட்டா, பதினோராவது ஆளுக்கு பதில் தயாரா வெச்சிருப்பார்.

டிஸ்கி: பிரஸ்ல தாள் வடிகட்டி இல்லாததால கஃபெஸ்டால்ங்கற பொருள் கோப்பைக்கு வந்துடும், அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தும். ஏற்கனவே அது எகிறிக் கிடக்கறவங்க தாள் வடிகட்டிக்கு மாறிக்கோங்க. கட்சிக்காரனா இருந்தாலும் உண்மையைச் சொல்லணும்ல?