குழந்தையைப் பார்க்கப் போகாதீர்கள்



நம் குடிகாட்டில் என் தம்பி பேத்தி, ஒன்றரை வயது, புதுச்சேரி ஜிப்மரில் இதய ஓட்டைக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்த அன்றே ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக 30 பேர். ஒருவர் இருமிக்கொண்டே கன்னத்தைக் கிள்ளினார். நானும் பழக்கதோஷத்தில் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் போனேன். அவள் அம்மா பதறித் தடுத்தாள். அறுத்த நெஞ்செலும்பு சேர 6 வாரமாவது ஆகுமாம். கழுத்துக்கடியிலும் பிட்டத்துக்கடியிலும் கைகொடுத்துத்தான் ஏந்த வேண்டும். 35 வருடம் பாடம் நடத்தியவனுக்கு இது தெரியவில்லை!

போகாவிட்டால் பெரியவர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். சாம்பிராணியும் வேண்டாம், சிப்காட் காற்றே போதும். உதவ நினைத்தால் சோறாக்கி வாசலில் கொடுத்துவிட்டு வாருங்கள். ராத்திரி மருந்துக்கு எழுந்திருக்கும் அந்தப் பெண் மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கட்டும். மூத்த பையனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து நான் பார்த்துக்கொள்கிறேன்.