கூலன்ட் எங்கே போகிறது?

ஆசிரியருக்கு,

கோடைக்காலக் கார் பராமரிப்புக் கட்டுரையில், கூலன்ட் குறைந்தால் ஊற்றச் சொன்னதோடு நிறுத்திவிட்டீர்கள். அடிக்கடி குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது என்றே அர்த்தம்.

தரையில் சொட்டு இல்லையா? முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். அதன் ரப்பர் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. கூலன்ட் சீக்கிரம் கொதித்து ஆவியாய்ப் போய்விடும். விலை குறைந்த பாகம், ஆனால் பல மெக்கானிக்குகள் அதைத் தொடுவதே இல்லை. வாட்டர் பம்ப்பின் அடித்துளையில் காய்ந்த கறையோ, காலடி விரிப்பில் இனிப்பு வாடையுள்ள ஈரமோ இருந்தாலும் காரணம் பிடிபடும். எதுவுமே இல்லையென்றால் இன்ஜின் ஆறியபின் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கெட்டையே சந்தேகிக்க வேண்டும்.

காரணம் தெரியாமல் கசிவடைப்பான் ஊற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள். அது ஹீட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

- ஒரு வாசகர், திருச்சி