திமிங்கலத்துக்குக் காது எங்கே இருக்கு? கடல் இரைச்சல் பற்றி நாம் ஏன் கவலைப்படணும்?

உலகின் மிகப் பெரிய உயிரினம் நீலத்திமிங்கலம். அவ்வளவு பெரிய உடம்பில் காது எங்கே என்று தேடினால் சட்டென்று கிடைக்காது. காதுமடல் கிடையாது. கண்ணுக்குப் பின்னால் மிகச் சின்னதாக ஒரு துளை, அதுவும் உள்ளே மெழுகால் அடைபட்டது. அவ்வளவுதான்.

ஆனால், திமிங்கலம் வாழ்வதே காதை நம்பித்தான். கடலில் 200 மீட்டர் ஆழத்தைத் தாண்டினால் வெளிச்சம் ரொம்பக் குறைவு. கண்ணை வைத்து அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. துணையைக் கூப்பிடவும் குட்டியைத் தொலைக்காமல் இருக்கவும் ஒலிதான் வழி. அந்த வழியில்தான் இன்றைக்கு நாம் இரைச்சலைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

தண்ணீரில் நம் காது ஏன் திணறுது?

நீச்சல் குளத்தில் மூழ்கியபடி யாராவது கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறீர்களா? சத்தம் வரும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியாது.

காரணம் எளிமையானது. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர், அதாவது நான்கு மடங்குக்கும் மேல். இரண்டு காதுகளையும் ஒலி அடையும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் நம் மூளை திசையைக் கணக்குப் போடுகிறது. தண்ணீரில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, நம் உடம்பின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்திதான். அதனால் ஒலி காதுத்துளை வழியாக மட்டும் வராமல் மண்டை ஓட்டின் எல்லாப் பக்கமும் ஊடுருவி வந்துவிடுகிறது.

திமிங்கலங்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்த விதம்தான் சுவாரசியம்.

தாடையால் கேட்கும் டால்பின்

டால்பின், ஸ்பெர்ம் திமிங்கலம் போன்றவை பல் திமிங்கல வகை. இவற்றுக்கு ஒலி நுழையும் முக்கிய வாசல் கீழ்த்தாடை. தாடை எலும்பின் பின்பகுதி மெல்லியது, உள்ளே கொழுப்பு நிரம்பியது. அந்தக் கொழுப்பு ஒலியை நேராகக் காது எலும்புக்குக் கொண்டுபோகிறது. 1960-களில் கென்னத் நோரிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்தக் கருத்தை முன்வைத்தார். பிறகு 1988-ல் வெளியான ஆய்வில், டால்பினின் கீழ்த்தாடையை ஒலி எளிதில் புகாத உறையால் மூடிச் சோதித்தார்கள். எதிரொலி மூலம் பொருளைக் கண்டுபிடிக்கும் அதன் திறன் குறைந்துபோனது.

இன்னொரு விஷயமும் இருக்கு. நம் காது எலும்பு மண்டை ஓட்டோடு சேர்ந்தே இருக்கும். பல் திமிங்கலங்களுக்கு அது மண்டை ஓட்டுக்கு வெளியே, தசைநார்களில் தொங்குகிறது. சுற்றிலும் காற்றுப் பைகள். மண்டை ஓட்டின் அதிர்வு காதைக் குழப்பாது, இடது காதும் வலது காதும் தனித்தனியாக வேலை செய்யும். நமக்குக் கேட்கும் உச்ச அளவு சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் என்றால், டால்பினுக்குச் சுமார் 150 கிலோஹெர்ட்ஸ்.

நீலத்திமிங்கலம், துடுப்புத் திமிங்கலம் போன்ற பலீன் வகைகளின் கதை வேறு. இவற்றின் காது எலும்பு மண்டை ஓட்டோடு நன்றாகப் பிணைந்திருக்கும். 2003-ல் கலிஃபோர்னியாவில் கரை ஒதுங்கிய இளம் துடுப்புத் திமிங்கலத்தின் தலையை, ராக்கெட் மோட்டார்களைச் சோதிக்கும் சி.டி. ஸ்கேன் கருவியில் வைத்துப் படமெடுத்தார்கள். அந்தப் படத்தைக் கொண்டு கணினி மாதிரி உருவாக்கி, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். தாழ்ந்த ஒலிக்கு மண்டை ஓடே அதிர்ந்து காதுக்குச் செய்தி சொல்கிறது என்றது அந்த ஆய்வு. கிட்டத்தட்ட தலை முழுக்கவே ஒரு ஆன்டெனா!

காஷ்மீர் கல்லில் கிடைத்த காது

திமிங்கலத்தின் மூதாதையர் நிலத்தில் நடந்தவர்கள். அதற்கான முக்கியச் சாட்சி இந்தியாவில் கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது. ஜம்மு-காஷ்மீரின் காலாகோட் பகுதியில் இந்தியப் புவியியலாளர் ஏ.ரங்கா ராவ் சேகரித்து வைத்திருந்த பாறைகள் அவர் மறைவுக்குப் பிறகு அமெரிக்க ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசனிடம் போய்ச் சேர்ந்தன. சுத்தம் செய்யும்போது ஒரு மண்டை ஓடு தற்செயலாக உடைந்தது. உள்ளே பார்த்தால், காது எலும்பின் உட்சுவர் தடித்திருந்தது. அது திமிங்கலத்தின் அடையாளம்! பூனை அளவே உள்ள, குட்டி மான் போன்ற அந்த விலங்கின் பெயர் இண்டோஹயஸ். சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தது. 2007-ல் இந்த ஆய்வு வெளியானது.

குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைத்த ரெமிங்டனோசீட்டஸ் என்ற பழைய திமிங்கலத்தின் தாடையில், கொழுப்பு தங்குவதற்கான பெரிய துளை இருக்கிறது. கால்கள் முழுசாக மறைவதற்கு முன்பே காது கடலுக்குத் தயாராகத் தொடங்கிவிட்டது. இத்தனை கோடி ஆண்டுகள் செதுக்கிய கருவி அது.

காது மெழுகு எழுதிய டைரி

பலீன் திமிங்கலத்தின் காதில் மெழுகு வாழ்நாள் முழுக்க அடுக்கடுக்காகச் சேரும். மர வளையம் மாதிரி அதை வைத்து வயதைச் சொல்லலாம். 2007-ல் கலிஃபோர்னியா அருகே கப்பல் மோதி இறந்த ஒரு நீலத்திமிங்கலத்தின் காதில் சுமார் 25 சென்டிமீட்டர் மெழுகு இருந்தது. பாதரசம், பூச்சிக்கொல்லி, மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் எல்லாம் அதில் பதிவாகியிருந்தன.

2018-ல் வெளியான ஆய்வு, இப்படிப்பட்ட 20 மெழுகுகளை வைத்து சுமார் 150 ஆண்டு வரலாற்றைப் படித்தது. திமிங்கல வேட்டை உச்சத்தில் இருந்த 1960-களில் கார்டிசோலும் உச்சம். இரண்டாம் உலகப் போரின்போது வேட்டை குறைந்தது. ஆனால் கார்டிசோல் குறையவில்லை, ஏறியது! போர்க்கப்பல்களும் குண்டுவெடிப்புகளும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

சரி, இப்போது என்ன பிரச்சினை?

கப்பலின் புரொப்பல்லர் சுழலும்போது நீர்க்குமிழ்கள் உருவாகி வெடிக்கும். அந்த இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண். நீலத்திமிங்கலமும் துடுப்புத் திமிங்கலமும் பேசிக்கொள்வதும் அதே அலைவரிசையில்தான். கலிஃபோர்னியா கடலில் ஓர் இடத்தில் அளந்தபோது, 1960-களின் நடுப்பகுதியைவிட 2003-04-ல் இந்த இரைச்சல் 10 முதல் 12 டெசிபல் கூடியிருந்தது. 10 டெசிபல் என்றால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு.

ராணுவ சோனார் இன்னும் நேரடியான ஆபத்து. 2000 மார்ச்சில் பஹாமாஸில் 17 திமிங்கலங்கள், டால்பின்கள் கரை ஒதுங்கின. இறந்தவற்றை ஆராய்ந்தபோது காதைச் சுற்றி ரத்தக்கசிவு தெரிந்தது. தன் கப்பல்களின் சோனாரே பெரும்பாலும் காரணம் என்று அமெரிக்கக் கடற்படை ஒப்புக்கொண்டது.

இது எங்கோ நடக்கும் கதை என்று நினைக்க வேண்டாம். இலங்கையின் தெற்குமுனையான தேவேந்திர முனையை ஒட்டி உலகின் மிகப் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. நீலத்திமிங்கலங்கள் உணவு தேடுவதும் அதே இடத்தில். இரைச்சலோடு மோதும் ஆபத்தும் அங்கே சேர்ந்துகொள்கிறது. 2022-ல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே விலகிப் போகச் சொன்னது. நல்ல முடிவுதான். ஆனால் அது ஒரு நிறுவனத்தின் விருப்பம், எல்லோருக்குமான விதி அல்ல.

நிறுத்தினால் நின்றுவிடும் மாசு

பிளாஸ்டிக்கை இன்று நிறுத்தினாலும் கொட்டியது நூற்றாண்டுகளுக்குக் கிடக்கும். இரைச்சல் அப்படியில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்தது. இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அங்கிருந்த ரைட் திமிங்கலங்களின் சாணத்தைச் சோதித்தபோது மன அழுத்த ஹார்மோனும் இறங்கியிருந்தது. மருந்து கிடையாது, சிகிச்சை கிடையாது. சத்தம் குறைந்தது, அவ்வளவுதான்.

'அப்ப கப்பலே வேண்டாமா?' என்று கேட்கலாம். உலக வணிகச் சரக்கில் 80 சதவீதத்துக்கு மேல் கடல்வழியாகத்தான் போகிறது. யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலான கப்பல்களின் இரைச்சல் குறையும், எரிபொருளும் மிச்சம். கனடாவின் வான்கூவர் அருகே 2017 முதல் கப்பல்கள் தாமாகவே வேகத்தைக் குறைக்கும் திட்டம் நடக்கிறது. குமிழ் குறைவாக எழுப்பும் புரொப்பல்லர்களும் இருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2014-ல் வெளியிட்டு 2023-ல் திருத்திய இரைச்சல் வழிகாட்டுதல்கள் கட்டாயம் அல்ல. விரும்பினால் பின்பற்றலாம் என்ற ரகம். எண்ணெய்க் கசிவுக்குக் கட்டாய விதி இருக்கும்போது இரைச்சலுக்கு மட்டும் வேண்டுகோள் போதுமா? திமிங்கலத்தைக் கொல்லக் கூடாது என்று நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பேசுகிறது. உயிரைக் காப்பாற்றிவிட்டு அது பிழைக்க நம்பியிருக்கும் காதை அடைத்துவிட்டால் பாதி வேலைதான் செய்ததாக அர்த்தம். திமிங்கலங்கள் கூடும் இடங்களிலாவது வேகக் கட்டுப்பாட்டையும் பாதை மாற்றத்தையும் கட்டாயமாக்க வேண்டும். இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து இந்தக் கோரிக்கையை எழுப்பலாம். தொடங்க வேண்டிய இடம் தேவேந்திர முனை.